வெஸ்ட்ரி பீரோவில் இருந்த ஊர்

அத்தைக்கு முதியோர் உதவித்தொகை வாங்கவேண்டியிருந்தது. அதற்காகத்தான் எங்கள் ஊர்க் கோயிலின் பழைய பதிவேட்டை முதன்முதலில் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடங்கள் இருக்கும். அத்தை பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ரேஷன் கார்டில் இன்னொரு வயது. கேட்டால், “பெரிய புயலுக்கு மறு வருடம் பிறந்தேன் என்று அம்மா சொல்லும்” என்பார். எங்கள் பக்கத்தில் பெரிய புயல் என்றால் 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல்தான். ஆனால் புயலின் வாக்குமூலத்தை எந்த அலுவலகத்திலும் ஏற்கமாட்டார்கள் அல்லவா? “கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் இருக்குமே, அதைப் பார்த்து ஐயரிடம் ஒரு சான்று வாங்கிவாருங்கள்” என்று ஒருவர் வழி சொன்னார்.

எங்கள் பக்கத்து லுத்தரன், அதாவது புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் ஆலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்லும். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஐயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையைத் திறந்தார். உள்ளே ஒரு மர பீரோ. அதன் கீழ்த்தட்டில் உடைந்த மெழுகுவர்த்தித் தண்டு, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் மூங்கில் சட்டம், காணிக்கைப் பைகள். எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு பெரிய புத்தகங்கள். தூக்கியபோது மேலட்டை கையோடு வந்தது. நடுவில் செல்லரித்துச் சிறு கால்வாய்கள் ஓடியிருந்தன. ஒரு பக்கத்தில் தொடங்கிய துளை முப்பது பக்கம் தாண்டி அதே இடத்தில் வெளிப்பட்டது. அந்த முப்பது பக்கங்களிலும் அந்த இடத்தில் யாருடைய பெயரோ இருந்திருக்கிறது.

அத்தையின் வரி தப்பியிருந்தது. வரிசை எண், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், தொழில், ஊர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்), கொடுத்தவர் கையொப்பம் எனப் பத்துக் கட்டங்கள். அத்தை புயலுக்கு மறு வருடம் பிறக்கவில்லை. புயலுக்கு ஆறு வாரத்துக்கு முன்பே பிறந்துவிட்டார். மறு வருடம் நடந்தது ஞானஸ்நானம்தான். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஐயர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: கோயில் கூரை புயலில் போய்விட்டதால் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் வைத்துக் கொடுக்கப்பட்டது. கையொப்பத்தின் மை அந்த இடத்தில் கொஞ்சம் பரவியிருந்தது.

அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூரையில்லாத கோயில், திண்ணையில் ஒரு கூட்டம், கையில் மூன்று மாதக் குழந்தை. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாத ஒரு காலைப்பொழுது அது. அதை எழுதிவைக்கவேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து கோயில் பதிவேடுகள் என்றால் எனக்கு ஒரு பைத்தியம்.

அந்த நான்கு புத்தகங்களில் பழையது 1880களில் தொடங்குகிறது. அதன் எழுத்தைப் படிக்கக் கொஞ்சம் பழகவேண்டும். புள்ளி பாதி இடத்தில் இருக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னா, லை எல்லாம் அந்தக் காலத்து வளைவோடும் கொம்போடும் இருக்கும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று சுழித்திருப்பார்கள். மேலே சொன்ன அதே ஊர், அதே தகப்பன் என்றால் ௸. முதல் இரண்டு வாரம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு கை தெரிந்துவிடும். ஐயர் மாறும்போது எழுத்து மாறும். ஒருவர் பெண்களின் பெயரை முழுதாக எழுதுவார், இன்னொருவர் ‘மனைவி’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தியவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

தொழில் கட்டத்தைக் கீழ்நோக்கிப் படித்தாலே போதும், ஊர் தெரிந்துவிடுகிறது. பண்ணையாள், பண்ணையாள், ௸, ௸, கூலி, உபதேசியார், பண்ணையாள். இருபது முப்பது வருடம் தள்ளிப் போனால் பட்லர், ஆயா, ரயில்வே என்று இடையிடையே வருகிறது. ஓரக்குறிப்புகளில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு. அடக்கப் புத்தகம் இன்னும் கனமானது. ஒரு பக்கத்தில் ஒன்பது நாளுக்குள் ஆறு அடக்கம், அதில் நான்கு ஒரே வீட்டுக்காரர்கள். காரணம் என்ற கட்டத்தில் முதல் வரியில் வாந்திபேதி, பிறகு ௸, ௸, ௸. காலராவைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அந்த மூன்று சுழிகள் செய்ததை வேறு எதுவும் செய்யவில்லை.

1880களுக்கு முன்பு? பதிவேடு இருந்திருக்கிறது. ஒருமுறை வெள்ளையடிக்கும்போது இடத்தை அடைக்கிறது என்று பழைய காகிதங்களை மூட்டை கட்டி எடைக்குப் போட்டார்கள் என்று பெரியவர் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த ஊர், யார் போட்டது என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சுற்றுவட்டத்தில் பழைய கோயில் உள்ள ஊர்களில் விசாரித்தால், பாதிக்குப் பாதி இதே கதைதான் கிடைக்கிறது.

எங்கள் சபைக்குத் தாய்வீடு தரங்கம்பாடி. ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஊர் டென்மார்க்கின் கையில் இருந்த காலத்தில், 1792இல் கட்டிய நகர வாசலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் எழுத்துச் சின்னமும், 1718 என்ற ஆண்டும் இருக்கும். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளுட்சோவும் இந்தக் கரையில் இறங்கினார்கள். டேனிஷ் மன்னர் அனுப்பிய ஜெர்மானியர்கள். மறு வருடம் மே மாதம் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர், டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். இந்தியப் புராட்டஸ்டண்ட் சபையின் கதை எந்தப் பிரபுவிடமும் தொடங்கவில்லை, அடிமைகளிடம்தான் தொடங்கியது. விழா மேடைகளில் அச்சுக்கூடத்தைப் பேசுகிறோம், சீகன்பால்கைப் பேசுகிறோம். அந்த ஐந்து பேரை யாரும் பேசுவதில்லை.

1707 ஆகஸ்டில் அவர்கள் பிரதிஷ்டை செய்த முதல் கோயிலைப் பிறகு கடல் கொண்டுபோயிற்று. இப்போது நிற்பது 1717இல் அடிக்கல் நாட்டி 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை செய்த இரண்டாவது கோயில். நாலைந்து மாதத்தில், 1719 பிப்ரவரியில், சீகன்பால்க் இறந்துபோனார். அப்போது அவருக்கு 36 வயது. பலிபீடத்தின் பக்கத்திலேயே அடக்கம். இந்தக் கோயிலில்தான் 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் குருப்பட்டம் பெற்றார். கடலூரில் ஆறுமுகம் என்ற பெயரில் பிறந்தவர். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குரு அவர்தான்.

கோயிலிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில் வரும். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியை அலை தின்றுவிட்டது. அங்கே இருக்கும் கல்வெட்டில்தான் ஊரின் பழைய பெயர் இருக்கிறது: சடங்கன்பாடியான குலசேகரபட்டினம். கல்லில் வெட்டியதைத் தின்னக் கடலுக்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. காகிதத்தில் எழுதியதைத் தின்னக் கரையானுக்கு ஒரு மழைக்காலம் போதும். ஆனால் கல்வெட்டில் யார் பெயர் ஏறும்? அரசன், வணிகக் குழு, நிலம் கொடுத்தவர். எங்கள் ஊர்ப் பண்ணையாள் ஒருவரின் பெயரும், அவர் மனைவியின் பெயரும், அவர்களுக்குப் பிறந்து ஏழாம் நாள் இறந்த குழந்தையின் பெயரும் தேதியோடு எழுதப்பட்ட ஒரே இடம் கோயில் பதிவேடு. சொத்துப் பத்திரம் அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் சொத்து இல்லை. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

தரங்கம்பாடியின் பெரிய காகிதங்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. இங்கே அல்ல. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில், இந்த மிஷனுக்குத் துணைநின்ற பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் நாட்குறிப்புகள், கடிதங்கள், ஓலைச்சுவடிகள் எல்லாம் இருக்கின்றன. பிறகு இந்தப் பணியை ஏற்ற லைப்சிக் மிஷனின் காப்பகமும் அங்கேதான் சேர்ந்திருக்கிறது. அரசாங்கக் காகிதங்கள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம்கூட அங்கே பழுதில்லாமல் இருக்கிறது. ஹாலேயில் 1710 முதல் அச்சிட்ட மிஷன் அறிக்கைகளை இன்று வீட்டில் உட்கார்ந்து கணினியில் புரட்டலாம். ஜெர்மன் பழைய எழுத்தில் இருக்கும் அவற்றை அகராதியோடு நான் மல்லுக்கட்டிய இரவுகள் பல.

அந்தக் காகிதங்களுக்கு நாம் பெரிய கடன் பட்டிருக்கிறோம். சீகன்பால்க் 1708இல் தன்னிடமிருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினார். 119 நூல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. திண்ணைப் பள்ளியில் குழந்தைகளோடு மணலில் எழுதிப் பழகிய மனிதர் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் செய்த வேலை அது. ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்து வந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியது. எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால் சின்ன எழுத்தைப் பக்கத்து ஊரான பொறையாற்றிலேயே வார்த்தார்கள். அங்கே காகிதம் செய்யவும் ஒரு பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்று இன்றும் ஓர் இடத்துக்குப் பெயர்.

ஆனால் படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. ஹாலே அறிக்கைகள் கொடையாளிகளுக்காக அச்சிடப்பட்டவை. அங்கே ஒருவர் படித்து, மனமிரங்கிப் பணம் அனுப்பவேண்டும். ஆகவே அதில் கதை இருக்கும், உருக்கம் இருக்கும், தேர்ந்தெடுப்பு இருக்கும். கிராமத்துப் பதிவேட்டைப் படிக்க யாரும் காத்திருக்கவில்லை. அதனால்தான் அறிக்கையைவிடப் பதிவேட்டை நான் அதிகம் நம்புகிறேன். யாரையும் மகிழ்விக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

இன்னொன்று இதைவிட வலிக்கும். 1712 முதல் 1714 வரை மிஷனரிமார் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் பதில் எழுதினார்கள். நம்பிக்கை, வைத்தியம், திருமணம், வறுமை, ஐரோப்பியர்களின் நடத்தை என்று எதையும் விடாமல் எழுதினார்கள். அதில் 99 கடிதங்கள் ஜெர்மனில் அச்சாயின. முந்நூறு வருடத்துக்கு முன் சாதாரணத் தமிழ் உரைநடை எப்படி இருந்தது என்று காட்டியிருக்கவேண்டிய கடிதங்கள். இன்று ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருக்கிறது. தமிழ் மூலம் இல்லை. எதைக் காப்பது என்று முடிவுசெய்கிறவர் கையில்தான் நம் குரல் இருந்திருக்கிறது. இன்று அந்த முடிவு நம் கையில் இருக்கிறது, நாம் எடைக்குப் போடுகிறோம்.

காப்பகம் பெருமையை மட்டும் தராது என்பதையும் சொல்லவேண்டும். ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் வேதம் கற்பிப்பவர், இருந்தார். தஞ்சை அரசரின் படையில் வேலை பார்த்தவர், பறையர் சமூகத்தவர், தானே வேதத்தைப் படித்துத் தரங்கம்பாடியைத் தேடி வந்தவர். தஞ்சைச் சீமையில் சபையை வளர்த்தவர்களில் முன்னால் நிற்பவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் பேச்சு வந்தபோது, அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டோம் என்று வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் மறுத்தார்கள். 1741இல் பட்டம் இன்னோர் உபதேசியாரான தியாகோவுக்குப் போயிற்று. புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் கட்டியது. அதே சிலுவைக்குள் சாதி சாதியாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். இதெல்லாம் மிஷன் காகிதங்களிலேயே இருக்கிறது. ஆண்டுவிழா மலர்களில் இருக்காது. எங்கள் ஊர்ப் பதிவேட்டில் சாதிக்கென்றே ஒரு கட்டம் முதல் இரண்டு புத்தகங்களில் உண்டு. மூன்றாவதில் கட்டம் போய்விட்டது. ஆனால் ஞானப்பெற்றோர் கட்டத்தைப் பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் கை கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. கட்டத்தை எடுப்பது சுலபம்.

கிராமத்துப் புத்தகங்கள் ஏன் இப்படிச் சிதறின என்பதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. 1845இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. அதற்குச் சற்று முன்பு, 1841இல், பின்னாளில் லைப்சிக் மிஷன் என்று பெயர்பெற்ற ஜெர்மன் மிஷனின் கோர்டஸ் வந்து சேர்ந்திருந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் எதிரிகளானார்கள். மிஷனரிமார் வெளியேற்றப்பட, சுவீடன் சபையார் பொறுப்பேற்றார்கள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெரிய காகிதங்கள் கப்பலேறின. சிறிய காகிதங்கள் பீரோவில் தங்கின. திருமணப் பதிவுக்கு மட்டும் ஒரு காவல் கிடைத்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதன் நகல் அரசின் பதிவுத்துறைக்கும் போகவேண்டும். ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அந்தக் காவல் இல்லை. பீரோவில் இருப்பது மட்டுமே மூலம், அதுவே நகல்.

ஆகவே நான் படமெடுக்க ஆரம்பித்தேன். ஐயரிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன், சபைக் குழு கூடி ஒப்புக்கொண்டது. பெரிய கருவி எதுவும் இல்லை. காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் வெஸ்ட்ரி சன்னலோரம் ஒரு மேஜை, வெள்ளைத் துணி, கைபேசி. பிளாஷ் போடக்கூடாது. பக்கத்தை முழுதாக நான்கு மூலையும் தெரிய எடுக்கவேண்டும். காலிப் பக்கத்தையும் எடுக்கவேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒன்று விட்டுப்போயிற்றா என்று பிறகு சந்தேகம் வரும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பக்கத்தை லாமினேட் செய்யாதீர்கள். இரண்டும் நல்லெண்ணத்தில் செய்யும் கொலை. பசை பழுத்து எழுத்தையே உரித்துக்கொண்டு வரும், நான் பார்த்திருக்கிறேன். சுவரிலிருந்து பீரோவை ஒரு கையகலம் தள்ளி வைத்தோம், காலுக்கடியில் செங்கல் வைத்தோம். சுவடிக்கு வைப்பதுபோல் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து வைத்தார் பெரியவர். முதல் வருடத்தில் 1,100 படங்கள் சேர்ந்தன. மூன்று பேரிடம் மூன்று பிரதி.

இணையத்தில் போடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தையதைப் போடலாம். அதற்குப் பிந்தையதைப் போடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்ட தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. அந்த ஆணையைச் சீக்கியர்களுக்காக 1956இலும் பௌத்தர்களுக்காக 1990இலும் திருத்தினார்கள். கிறிஸ்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் ஒருவருக்கு இரண்டு பெயர், கோயிலில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. மதம் மாறியதால் அவர்கள் குடியிருக்கும் தெரு மாறவில்லை, செய்த வேலை மாறவில்லை, பெற்ற அவமானமும் மாறவில்லை. அந்த நியாயம் கிடைக்கும்வரை, பிழைப்புக்காக மறைத்த ஒரு பெயரை வரலாற்று ஆர்வத்தில் நான் சந்திக்கு இழுக்கமாட்டேன். பதிவேட்டைக் காப்பது வேறு, காட்டுவது வேறு.

அத்தைக்கு உதவித்தொகை கிடைத்தது. கிடைத்த மாதமே ஒரு நாள், “அந்தப் புத்தகத்தை நான் பார்க்கவேண்டும்” என்றார். கூட்டிக்கொண்டு போனேன். பெரியவர் பக்கத்தை விரித்து வைத்தார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எது என்று கேட்டார், காட்டினேன். தலையாட்டிவிட்டு, “அம்மா பெயர் போட்டிருக்கிறதா?” என்றார். ஆறாவது கட்டம். விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். ஆச்சியின் பெயர் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை. பட்டா இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கல்லறைக்குக் கல்லும் இல்லை. அந்த ஐயர் ‘மனைவி’ என்று எழுதி நிறுத்தாதவர். முழுப்பெயரையும் எழுதியிருந்தார். அத்தை விரலை எடுக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். “இங்கேயே இருக்கட்டும். வந்து பார்த்துக்கொள்கிறேன்.” இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் வாசலுக்குப் போகும்போது அத்தை வெஸ்ட்ரி பக்கம் போகிறார். பீரோ பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். காலுக்கடியில் குனிந்து செங்கல்லைச் சுற்றி மண் தடம் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகுதான் செருப்பைத் தேடுகிறார்.